ரயிலில் பூசிய சாயம் கித்தாருக்கு வந்த கதை

மின்கித்தார் ஒன்றுக்குப் புதிதாகச் சாயம் பூசினால் அதன் விலை ஏறுமா, இறங்குமா? இசைக்கருவிக் கடை வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சமும் யோசிக்காமல் "இறங்கும்" என்பார். பழைய கித்தார்களை வாங்கி விற்பவர்களிடையே இது எழுதப்படாத விதி. 1950-களில் செய்யப்பட்ட கருவியின் அசல் சாயத்தைச் சுரண்டிவிட்டு வேறு சாயம் பூசியிருந்தால், அது கண்ணைப் பறித்தாலும் சரி, விலையில் ஏறத்தாழ பாதி காணாமல் போய்விடும்.

இப்படி ஒரு விதி இருக்க, 2004-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு புதுமை நடந்தது. செய்து சில ஆண்டுகளே ஆன கித்தார் ஒன்று, அதுவும் உடல் முழுவதும் ஸ்பிரே சாயத்தால் கண்டபடி வண்ணம் தீட்டப்பட்ட கித்தார், 3 லட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது. அதை வாசித்தவர் எரிக் கிளாப்டன். அதற்கு வண்ணம் தீட்டியவர், சிறு வயதில் ரயில் பெட்டிகளில் சாயம் அடித்துத் திரிந்த ஒருவர். இந்த இரண்டு பேரில் யாருக்காக அந்த விலை கொடுக்கப்பட்டது என்பதுதான் சுவையான கேள்வி.

அந்த ஓவியரின் இயற்பெயர் ஜான் மாத்தோஸ். 1961-இல் பிறந்தவர், நியூயார்க்கின் பிரோங்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர். 13 வயதில் தன்னைவிட மூத்த பையன்களின் பின்னால் ரயில் நிறுத்துமிடங்களுக்குப் போகத் தொடங்கினார். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு புனைப்பெயர் வேண்டும். பள்ளியில் இருந்த கணினியைத் தவறுதலாக முடக்கிவிட்ட சம்பவத்தால் இவருக்கு 'கிராஷ்' என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றுவரை கலையுலகம் அவரை அந்தப் பெயரில்தான் அறியும்.

ரயிலில் சாயம் அடிப்பது அங்கே குற்றம்தான். நம் பகுதியிலும் இதற்குச் சலுகை கிடையாது; சிங்கப்பூரில் 1966-ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று தனிச் சட்டம் உண்டு, பிரம்படி வரை போகும். நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் இரசாயனக் கரைசலால் பெட்டிகளைக் கழுவியது. ஓர் இரவு முழுவதும் பாடுபட்டு வரைந்தது சில நாள்களில் மறைந்துவிடும். 1989-ஆம் ஆண்டு மே மாதம், சாயக் கிறுக்கல் உள்ள கடைசி ரயிலையும் சேவையிலிருந்து அகற்றிவிட்டதாக நிர்வாகம் அறிவித்தது. ஆக, கிராஷ் தம் இளமையில் வரைந்த பெரும்பாலான படங்கள் இன்று புகைப்படங்களில் மட்டுமே இருக்கின்றன.

ஆனால் அவர் ரயிலோடு நின்றுவிடவில்லை. 1980-இல், 19 வயதில், தென் பிரோங்ஸில் இருந்த ஃபேஷன் மோடா என்ற கலைக்கூடத்தில் சக கிறுக்கல் ஓவியர்களின் படைப்புகளை ஒன்றுதிரட்டிக் கண்காட்சி வைத்தார். 1983-இல் சிட்னி ஜானிஸ் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சியிலும் அவர் படைப்பு இடம்பெற்றது. மோன்ட்ரியான், பொல்லாக் போன்ற பெரியவர்களின் ஓவியங்கள் தொங்கிய சுவர்கள் அவை. அங்கே ஸ்பிரே டப்பாவோடு வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். எழுத்துகளின் துண்டுகள், சித்திரக் கதைகளில் வருவது போன்ற பெரிய கண்கள், அடர்ந்த கறுப்புக் கோடுகள், புள்ளிகள் என்று அவர் பாணி அப்போதே உருவாகிவிட்டது.

கிளாப்டன் ஓவியங்களைச் சேகரிப்பவர். அது பெயருக்கான சேகரிப்பு அல்ல. அவர் வைத்திருந்த கெர்ஹார்ட் ரிக்டரின் ஓவியம் ஒன்று 2012-இல் இலண்டனில் 2 கோடி பவுண்டுக்கும் மேல் விற்றது. 1990-களில் கிராஷ் ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாருக்கு வண்ணம் தீட்டி அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அது பிடித்துப்போக, மேலும் சில கித்தார்கள் அதே பாணியில் உருவாயின. இரசிகர்கள் அவற்றுக்கு 'கிராஷோகாஸ்டர்' என்று செல்லப்பெயர் சூட்டினர். 2001 இசைப் பயணத்திலும், 2004 ஜூன் மாதம் டல்லஸ் நகரில் நடந்த கிராஸ்ரோட்ஸ் கித்தார் விழாவிலும் கிளாப்டன் இவற்றை மேடையில் வாசித்தார்.

உரிந்து விழுந்த தேவதை

ஓவியக் கித்தார் கிளாப்டனுக்குப் புதிதல்ல. அதனால் வரும் தொல்லையும் புதிதல்ல.

1967-இல் அவர் கிரீம் இசைக்குழுவில் இருந்தபோது, 'தி ஃபூல்' என்ற டச்சு ஓவியர் குழுவினர் அவருடைய கிப்சன் எஸ்ஜி கித்தாருக்கு வண்ணம் தீட்டினார்கள். சைமன் போஸ்துமா, மரைக்கா கோகர் என்ற இருவரின் கைவண்ணம் அது. இறக்கை முளைத்த தேவதை, நெருப்புப் போன்ற தலைமுடி, சூரியன், நட்சத்திரங்கள், மலைகள். அந்த ஆண்டின் மனநிலை அப்படியே ஒரு பலகையில் இறங்கியது எனலாம்.

ஓவியர்கள் நல்ல ஓவியர்கள்தான். ஆனால் கித்தாரைக் கையில் எடுத்து வாசிப்பவர் எங்கே தொடுவார் என்பது அவர்கள் கவலையாக இல்லை. கித்தாரின் கழுத்துப் பின்புறத்திலும் படம் தொடர்ந்தது. வாசிப்பவரின் இடக்கைப் பெருவிரல் நாள் முழுவதும் மேலும் கீழும் ஓடும் இடம் அதுதான். வியர்வையும் உராய்வும் சேர்ந்து சாயம் பிசுபிசுத்து உரியத் தொடங்கியது. மேலே காப்புப் பூச்சு சரியாக இல்லை என்பதே காரணம். பின்னாளில் அந்தக் கித்தார் டாட் ரண்ட்கிரென் என்ற இசைக்கலைஞரிடம் வந்து சேர்ந்தது. அவர் உரிந்த இடங்களைச் சீர்செய்து, தெளிந்த வார்னிஷ் பூசிப் பாதுகாத்தார். 2023 நவம்பரில் அது 10 லட்சம் டாலரைத் தாண்டிய விலைக்கு ஏலம் போனது. அவர் அந்தப் பூச்சைப் பூசாமல் விட்டிருந்தால் ஏலம் விட என்ன மிஞ்சியிருக்கும் என்று தெரியாது.

கித்தார் செய்பவரும் ஓவியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய அவசியம் இங்கேதான் புரிகிறது.

ஒரு கித்தார் எப்படி ஓவியமாகிறது?

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதன் கழுத்து, உடலோடு பசையால் ஒட்டப்படவில்லை, திருகாணிகளால் முடுக்கப்பட்டது. தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்கும், பழுது பார்ப்பதற்கும் எளிது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அரை நூற்றாண்டு கழித்து ஓவியர்களுக்கு இதுவே வரப்பிரசாதமாயிற்று. கழுத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் உடல் மட்டும் தனிப் பலகையாகக் கைக்கு வந்துவிடும். விரல் உராயும் கழுத்தில் சாயமே தேவையில்லை. கிப்சன் எஸ்ஜியில் கழுத்தும் உடலும் பசையால் ஒன்றானவை என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து மரம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் உடல் பெரும்பாலும் ஆல்டர் அல்லது ஆஷ் மரத்தால் ஆனது. ஆஷ் மரத்தில் நுண்துளைகள் அதிகம், அவற்றை அடைக்காமல் பூசினால் சாயம் பள்ளம் பள்ளமாக இறங்கிவிடும். ஆகவே துளைகளை அடைத்து, மேலே ஓர் அடைப்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை அடிப்பூச்சு. வெள்ளை இருந்தால்தான் மஞ்சளும் சிவப்பும் துலங்கும். இதற்குப் பிறகே ஓவியர் டப்பாவைக் கையில் எடுக்கலாம்.

அவர் வேலை முடிந்ததும் மிக ஆபத்தான கட்டம் வருகிறது. கடையில் விற்கும் ஸ்பிரே சாயம் ஒரு வகை இரசாயனம், கித்தாருக்குப் பூசும் லாக்கர் வேறு வகை. லாக்கரில் உள்ள கரைப்பான் வீரியமானது. அடியில் உள்ள சாயம் முழுதாகக் காயாமலோ, அதோடு ஒத்துப்போகாமலோ இருந்தால் சில நிமிடங்களில் படம் முழுவதும் முதலைத் தோல்போல் சுருங்கிவிடும். பல நாள் உழைப்பு வீண். அதனால் முதலில் ஒரு துண்டு மரத்தில் சோதித்துப் பார்ப்பார்கள்; பிறகு மிக மெல்லிய படலமாக, ஒன்று காய்ந்த பின் இன்னொன்றாக, பல முறை தெளிந்த பூச்சு அடிப்பார்கள். அது இறுகியதும் தண்ணீர் தொட்டு நைசான மணற்தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மோட்டார் பட்டறையில் வண்டிக்குச் சாயம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

தெரியாததில் வியப்பும் இல்லை. ஃபெண்டர் கித்தார்களின் புகழ்பெற்ற நிறங்கள் பல, டூபாண்ட் நிறுவனம் கார்களுக்குத் தயாரித்த சாயங்களே. ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் நிறம், லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காரின் நிறம். 1960-களில் வாடிக்கையாளர் 5 விழுக்காடு கூடுதல் பணம் கொடுத்தால் விருப்ப நிறம் கிடைத்தது.

ஒரு சிறு இடத்தில் மட்டும் துளி சாயமும் படக்கூடாது. கழுத்து வந்து பொருந்தும் குழி அது. அங்கே சாயம் தடித்துவிட்டால் கழுத்து சற்றுத் தூக்கிக்கொள்ளும். தந்திகளின் உயரம் மாறும். வாசிக்கச் சுகமாக இருக்காது. அதனால் அந்தக் குழியை ஒட்டுத்தாளால் மூடிவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

சாயம் பூசினால் ஒலி கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மரக்கித்தாருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். அதன் மேற்பலகை அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது, தடித்த பூச்சு அதை அமுக்கும். மின்கித்தாரில் உலோகத் தந்தி அதிர, அதன் கீழே உள்ள காந்தச் சுருள் அந்த அசைவை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. மேலே உள்ள சாயத்தின் பங்கு மிகச் சொற்பம். கித்தார் பிரியர்கள் இதைப்பற்றி விடிய விடிய வாதாடுவார்கள். மேடையில் டிரம்ஸ் முழங்கும்போது அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் காது அபூர்வம்.

ஓவியருக்கு உண்மையான சவால் வேறு. சட்டம் போட்ட துணியில் வரைபவருக்கு நான்கு மூலையும் சொந்தம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் முன்புறத்திலோ பெரும்பகுதியைப் பிளாஸ்டிக் தட்டும், மூன்று காந்தச் சுருள்களும், குமிழ்களும், பாலமும் பிடித்துக்கொள்கின்றன. மிஞ்சிய இடத்திலும் வாசிப்பவரின் முன்கை வந்து படுத்துக்கொள்ளும். முகம் ஒன்றை நடுவில் வரைந்தால் மூக்கின்மேல் திருகாணி நிற்கும்! அமைதியான இயற்கைக் காட்சி வரைபவர் இங்கே தோற்றுப்போவார். கிராஷின் பாணி பொருந்தியதற்குக் காரணம் உண்டு. ஓடும் ரயிலின் பக்கவாட்டில், சன்னலுக்கும் கதவுக்கும் இடையில், நடைமேடையில் நிற்பவர் சில விநாடிகளில் பார்த்துவிடும்படி வரைந்து பழகிய கை அது. துண்டு துண்டாகப் பார்த்தாலும் படம் செத்துப்போகாது. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் இரசிகருக்கும் அது எட்டும்.

ஐம்பது என்ற எண்

ஏலக் கூடத்திற்குத் திரும்புவோம். 2004 ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனது கிராஷ் கித்தார் அல்ல. கிளாப்டன் பல்லாண்டு வாசித்த 'பிளாக்கி' என்ற கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்கு விற்றது. அதில் ஓவியம் கிடையாது. தேய்மானமும் கீறலும்தான். அந்த ஏலத்தின் மொத்த வருவாய் 74 லட்சம் டாலரைத் தாண்டியது. போதைப்பொருளுக்கும் மதுவுக்கும் அடிமையானவர்களை மீட்பதற்காகக் கிளாப்டன் ஆண்டிகுவா தீவில் நிறுவிய கிராஸ்ரோட்ஸ் நிலையத்திற்கு அந்தப் பணம் சென்றது. அவரே அந்தப் படுகுழியில் விழுந்து மீண்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு காலத்தில் கழுவித் துடைக்கப்பட்ட சாயம் இப்போது மருத்துவச் செலவுக்குக் கைகொடுத்தது.

ஆனால் ஏல விலையை வைத்து ஓவியத்தின் மதிப்பை அளக்க முடியாது. கிளாப்டன் தொட்ட கித்தார் என்பதற்கு எத்தனை டாலர், கிராஷ் தீட்டியது என்பதற்கு எத்தனை டாலர்? பிரித்துச் சொல்ல வழியில்லை.

பிரித்துக் காட்டியது ஃபெண்டர் நிறுவனத்தின் வரையறுக்கப்பட்ட பதிப்புதான். கலிபோர்னியாவின் கொரோனா நகரில் அந்நிறுவனத்திற்கு 1987 முதல் சிறப்புத் தயாரிப்புப் பட்டறை ஒன்று உண்டு. கிளாப்டனின் மேடைக் கித்தார்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, கிராஷ் கையாலேயே வண்ணம் தீட்டிய 50 கித்தார்கள் தயாராயின. இவை கிளாப்டன் வாசித்தவை அல்ல. வாங்கியவர் ஒரு நட்சத்திரத்தின் வியர்வைக்குப் பணம் கொடுக்கவில்லை. ஓவியர் பெயருக்கும், நல்ல கருவிக்கும், 50 என்ற எண்ணுக்கும் கொடுத்தார்.

இந்த எண் விவகாரம் அச்சுக்கலையிலிருந்து வந்தது. மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ படம் செதுக்கி அச்சிடுபவர்கள், இத்தனை படிதான் என்று எண்ணிக்கையிட்டுக் கையெழுத்திட்டு விற்பார்கள். அந்த வழக்கம் கித்தாருக்கு வந்தபோது அதன் பொருள் பலவாறு நெளிந்துவிட்டது. வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

1968-இல் ஃபெண்டர் நிறுவனமே டெலிகாஸ்டர் கித்தாரில் பூப்போட்ட சுவர்த்தாளை ஒட்டி, மேலே தெளிந்த பூச்சடித்து விற்றது. ஹிப்பி காலத்து மோகம் அது. அதிக நாள் ஓடவில்லை. 2000-களில் அதே நிறுவனத்தின் மலிவு விலைப் பிரிவான ஸ்குவையர், ஷெப்பர்ட் ஃபேரி என்ற தெருவோவியரின் 'ஒபே' வடிவங்களை அச்சிட்ட கித்தார்களை வெளியிட்டது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் சிவப்பு நீலச் சுவரொட்டியை வரைந்தவர் இவரே. அந்தக் கித்தார்களில் ஓவியரின் வடிவம் இருந்தது, அவர் கை படவில்லை. மாணவர் ஒருவர் கைச்செலவுப் பணம் சேர்த்து வாங்கக்கூடியதாகவும் அது இருந்தது. சுவரொட்டி ஒட்டிப் பெயர் வாங்கிய கலைஞருக்கு அச்சு ஒன்றும் இழுக்கில்லை.

இன்னொரு வகை, பழைய மூலத்தை அப்படியே நகலெடுப்பது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-இல் தம் நீலநிற ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஒளிரும் சாயத்தாலும், மனைவியின் நகப்பூச்சாலும் தானே வண்ணம் தீட்டி 'ராக்கி' என்று பெயரிட்டார். அந்த ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி, செயற்கைக்கோள் வழி பல நாடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பான 'அவர் வோர்ல்ட்' நிகழ்ச்சியில் அதை அவர் ஏந்தி நின்றார். வேடிக்கை என்னவென்றால், ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையில். அத்தனை ஒளிர் வண்ணமும் உலகத்தின் கண்ணுக்குச் சாம்பலாகவே தெரிந்தது! 2020-இல் ஃபெண்டர் பட்டறை ராக்கியை 100 படிகளாகச் செய்தது. அதற்கு முன் 2006-இல் பிளாக்கியின் 275 நகல்கள் வந்தன, கீறல்கள் உட்பட. திறமையான வேலைதான். இருந்தாலும் மற்றொருவரின் தூரிகை நடுங்கிய இடத்தில் தானும் நடுங்கிக் காட்டுவது கைவினைஞரின் வெற்றி; ஓவியருக்கு அங்கே வேலையில்லை.

கிராஷின் 50 கித்தார்கள் இவற்றிலிருந்து விலகி நிற்கின்றன. கையால் ஸ்பிரே அடிக்கும்போது ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் ஓர் அசல் ஓவியம் இருக்கிறது. அப்படியானால் அதை வாசிப்பதா, கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா? பலர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். முதலீடாகப் பார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், வளைந்த உடலும் தந்தியும் தேவையில்லை என்றால் அதே பணத்துக்குத் துணியில் வரைந்த ஓவியம் வாங்கியிருக்கலாமே. கிளாப்டன் தம் கிராஷ் கித்தாரைப் பெட்டியில் பூட்டவில்லை. இடைவார் பட்டை உரச, முன்கை வியர்க்க, பயணம் பயணமாக வாசித்தார். தேய்ந்த பிறகுதான் அது ஏலத்துக்கு வந்தது.

நம் பகுதியிலும் இசைக்குழுப் பிள்ளைகள் ஓவியம் படிக்கும் நண்பரிடம் கித்தாரைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதுண்டு. கலிபோர்னியாவின் காய்ந்த காற்று இங்கே கிடையாது என்பதை மறந்துவிடக்கூடாது. மழை நாளில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொண்டு, படத்தின்மேல் பால் தெளித்ததுபோல் வெண்மை படரும். வெயில் ஏறிய பிறகு, ஈரம் குறைந்த வேளையில் அடிப்பதே நல்லது. மெதுவாக ஆவியாகும் கரைப்பான் சேர்த்தும் இதைத் தவிர்க்கலாம். முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம். கழுத்தையும் மின்பாகங்களையும் கழற்றிவிட்டு, குழியை மூடிவிட்டுத் தொடங்கவேண்டும். தீட்டுவதற்கு முன்பும் பின்பும் படமெடுத்து வைத்துக்கொண்டு, வரைந்தவர் பெயரையும் தேதியையும் பின்பக்க மூடியின் உட்புறத்தில் எழுதச் சொல்லவேண்டும். பெயரில்லாத ஓவியத்தைக் கடைக்காரர் மறுசாயம் என்றுதான் கணக்கில் எடுப்பார்.